எங்கள் ஊரை எழுப்ப வருகிறவர்களுக்கு ஒரு மடல்

கடலோரத்துச் சின்ன நகரங்களுக்குத் திட்டம் தீட்டுகிற நகரமன்ற உறுப்பினர்கள், பொறியாளர்கள், அதிகாரிகள் எல்லோருக்கும்,

வணக்கம்.

கடற்கரைக்கு இறங்கும் வழியில் போன மாதம் ஒரு பெரிய பலகை வைத்தீர்கள். வரப்போகும் நடைபாதையின் படம். நின்று நிதானமாகப் பார்த்தேன். கண்ணாடித் தடுப்பு, பளபளக்கும் கைப்பிடி, வரிசையாக வெள்ளை விளக்குகள், சிரித்துக்கொண்டே நடந்து போகும் குடும்பங்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே குறை, அதில் காற்று இல்லை. ஒருவர் தலைமுடிகூடக் கலையவில்லை. வரைந்தவர் இங்கே வந்து அரைமணி நேரம் நின்றிருக்க மாட்டார் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

படத்துக்குக் கீழே, தூங்கும் நகரத்தை எழுப்பப் போவதாக ஒரு வாசகம். அதைப் படித்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. கடலை ஒட்டி, பெரிய தொழிற்சாலையோ பெரிய பெயரோ இல்லாமல் இருக்கும் எந்த நகரத்தையும் மனதில் வைத்துப் படிக்கலாம். இந்தப் பலகை இப்போது எல்லாக் கடற்கரையிலும் நிற்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தூங்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன். இந்த ஊரில் சத்தம் குறைவு, வேலை குறைவில்லை. வெளியூர்க்காரர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். விடியுமுன் மூன்று மணிக்குப் படகு தள்ளுகிறவர்கள் ராத்திரி எட்டு மணிக்கு விளக்கை அணைக்கத்தான் செய்வார்கள். எட்டரைக்குக் காரில் வந்து இறங்குகிறவர் இருட்டான தெருவைப் பார்த்து "என்ன, ஊரே செத்துக் கிடக்கிறது" என்றால் நாங்கள் என்ன பதில் சொல்வது?

எங்கள் நாள் காற்றை வைத்து நடக்கிறது. காலையில் தரை சீக்கிரம் சூடாகிவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தரைக்கு மேலே காற்று சூடாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். பள்ளிப் பாடம்தான், ஆனால் இங்கே அது கடிகாரம். காற்றே இல்லாமல் புழுங்கிக்கொண்டிருந்த முற்பகலில், பதினொன்று பதினொன்றரைக்கு, வாசல் பக்கத்துத் திரைச்சீலை ஒருமுறை உள்ளே ஊதி அடங்கும். பத்து நிமிடத்தில் மறுபடி. அப்புறம் நிற்காது. திரை முதல்முறை ஊதியதுமே எதிர்வீட்டு அம்மா மொட்டை மாடித் துணிக்கு இன்னொரு கிளிப் போடக் கிளம்பிவிடுவார். ராத்திரியில் தரை முந்திக் குளிர்ந்ததும் காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். அலைச் சத்தம் பகலைவிட இரவில் தெளிவாகக் கேட்பது ஊர் அடங்கியதால் மட்டும் இல்லை. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருந்தால் ஒலி மேலே போகாமல் கீழ்நோக்கி வளையும். முதல் வருடம் அது தூக்கத்தைக் கெடுத்தது. இப்போது வெளியூர் போனால் அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை.

கடலை ஒட்டிப் பன்னிரண்டு மாடி வரிசை ஒன்று உங்கள் படத்தின் ஓரத்தில் மங்கலாகத் தெரிகிறது. பின்தெருக்காரர்களுக்குப் பதினொன்றரை மணிக் காற்று வராமல் போகும் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா தெரியாது. இருந்தாலும் அதை இன்னொரு நாள் பேசலாம். இந்த மடல் உப்பைப் பற்றியது.

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறி ஊருக்குள் வருகின்றன. கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும், பாலாடை மாதிரி ஒரு படலம். சட்டை நுனியால் துடைத்தால் இழுபட்டுக் கோடு கோடாகும், தண்ணீர் விட்டுத்தான் கழுவ வேண்டும். இந்த உப்புக்குத் தண்ணீரை இழுக்கும் குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு தானே கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கரைந்துவிடும். அதனால்தான் எங்கள் துண்டு உலர்ந்தும் உலராத மாதிரி இருக்கிறது. மழையே இல்லாத நாளிலும் வாசல் கிரில் ஈரமாக இருக்கிறது. பார்க்க உலர்ந்த இரும்புதான், உப்புக்கு அடியில் அது நனைந்துகொண்டே இருக்கும்.

நான் விரும்பாமலே எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஆக்கப்பட்டவன். ஒன்பது வருடம் ஆகிறது. கூட்டத்துக்கு வராதவரைத் தேர்ந்தெடுப்பது சங்கங்களின் வழக்கம். அதனால் துருவைப் பற்றி எனக்குத் தேவைக்கு மேலேயே தெரியும். ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் மாடிப்படிக் கம்பியின் ஒரு பாதி கூரைக்குக் கீழே, மறுபாதி மழையில் நனையும் இடத்தில். எது முதலில் துருப்பிடிக்கும்? நனைகிற பாதி என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு வருடத்தில் கூரைக்கு அடியில் இருந்த பாதி பொரிந்து உதிர்ந்தது. வெளியே இருந்தது ஓரளவு தப்பித்தது. மழை அதன் உப்பைக் கழுவிவிடுகிறது, கூரைக்குக் கீழே படிந்தது படிந்தபடி இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து மாதம் இரண்டு முறை நல்ல தண்ணீரை ஹோஸ் பைப்பில் பிடித்துக் கம்பி, கிரில், கேட்டு, மீட்டர் பெட்டிக் கீல் எல்லாவற்றையும் கழுவுகிறோம். பெயின்ட் செலவு பாதியாகக் குறைந்தது. இதற்குத் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டும் கிடையாது. ஹோஸ் பைப் பிடிக்க ஒரு ஆள், ஒரு மணி நேரம்.

இப்போது உங்கள் பழைய நடைபாதைக்கு வருவோம். ஆறு வருடத்துக்கு முன் திறந்தீர்களே, அது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி, துருப்பிடிக்காது என்று மேடையில் சொன்னீர்கள். முதல் வருடக் கடைசியில் அதில் பழுப்பு ஒழுகல் வந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ரகங்கள் உண்டு. சமையலறைத் தொட்டிக்குப் போடும் 304 ரகம் கடலோரத்துக்குத் தாங்காது. 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்பை எதிர்ப்பது அதுதான். எந்த ரகம் போட்டார்கள் என்று ஒருமுறை எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. சரி, 316-ஆகவே இருக்கட்டும். அதையும் கழுவாமல் விட்டால் கறை படியும். மூன்றாம் வருடம் அடித்தகட்டு இணைப்புகளில் போல்ட் போனது. நான்காம் வருடம் ஒரு நீளக் கம்பியே ஆட ஆரம்பித்து, யாரோ நைலான் கயிற்றால் கட்டிவைத்தார்கள். அந்தக் கயிறு இன்னும் இருக்கிறது. நடைபாதையில் இன்றைக்கும் உறுதியாக நிற்பது அந்தக் கயிறும் உங்கள் கருங்கல் கல்வெட்டும்தான்.

கயிறு கட்டியது யார் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் தினமும் சாயங்காலம் உட்காரும் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் கேட்டது புது நடைபாதை இல்லை. இரண்டு போல்ட்.

கழுவிப் பெயின்ட் அடித்துத் துருவைச் சுரண்டிக்கொண்டே இருந்தால் கடலில் இரும்பு எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்குப் பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பாருங்கள். 1914-இல் திறந்தது. நாலு பக்கமும் உப்புக்காற்று. 1964 புயலில் அடிபட்டு, பழுதுபார்க்கப்பட்டு மறுபடி எழுந்தது. துருப்பிடித்த பாகங்களை மாற்றி மாற்றி, பூச்சு மேல் பூச்சு அடித்து, 2022 டிசம்பர் வரை அதன் மேல் ரயில் ஓடியது. நூற்றியெட்டு வருடம்! புதுப் பாலம் வந்தது 2025 ஏப்ரலில்தான். உங்கள் கைப்பிடி ஆறு வருடம் நிற்கவில்லை. வித்தியாசம் இரும்பில் மட்டும் இருக்காது. ஒன்றுக்குப் பெயின்ட் டப்பாவோடு போக ஆள் இருந்தார்கள், மற்றதற்கு இல்லை.

இரும்பு வெளியே தெரிவதால் அதையாவது திட்டலாம். காங்கிரீட்டுக்குள் இருப்பது இன்னும் மோசம். எங்கள் மூன்றாம் மாடிக் குளியலறைத் தளத்தில் முடி அளவு ஒரு விரிசல், அதை ஒட்டிப் பழுப்புக் கறை. மேஸ்திரி வந்து விரல் மடக்கித் தட்டினார். நல்ல இடத்தில் கல்லைத் தட்டின சத்தம், கறைக்கு அருகே காலி டப்பாவைத் தட்டின சத்தம். "உள்ளே பொம்மிடுச்சு சார்" என்றார். உப்பின் குளோரைடு காங்கிரீட்டின் நுண்துளை வழியே நுழைந்து கம்பியைச் சுற்றியுள்ள காப்புப் படலத்தை உடைத்துவிடுகிறது. கம்பி துருவாக மாறினால் இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மேலே சிமென்ட் பூசி, வெள்ளை அடித்து மறைத்தால் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். உடைத்து, கம்பியைச் சுரண்டி, தேவைப்பட்டால் மாற்றி, சரியான கனத்துக்கு மூட வேண்டும். பதினோரு நாள் ஆனது, தூசியோடு தூசியாகக் குடியிருந்தோம். உங்கள் சமுதாயக் கூடத்தின் தாழ்வாரத் தூண்களிலும் அதே பழுப்புக் கறை இருக்கிறது. போன மாதம் அதன் மேல் புதுசாக நீலம் அடித்தீர்கள். அழகாக இருக்கிறது. ஒருமுறை யாராவது விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள்.

அப்புறம் வடிகால். எங்கள் மழைநீர் எல்லாம் கடற்கரையில் ஒரு குழாய் வாய் வழியாகக் கடலில் விழுகிறது. கடல் ஏறியிருக்கும்போது அந்த வாய் மூழ்கிவிடும். தண்ணீர் வெளியே போகாது என்பதோடு நிற்காமல், கடல் அதன் வழியே உள்ளே வரும். இதைத் தடுக்க அங்கே ஒருவழிக் கதவு ஒன்று உண்டு. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் மூடும். எளிமையான சாமான். அதன் கீல் துருப்பிடித்துப் பாதி திறந்த நிலையிலேயே இறுகி மூன்று வருடம் ஆகிறது. விளைவு, வானம் நீலமாக இருக்கும், ஆனால் கடல் அதிகம் ஏறும் ஒரு பௌர்ணமி நாளில், மழைத்துளிகூட இல்லாமல், கீழத்தெருச் சாக்கடை மூடியில் உப்புத் தண்ணீர் குமிழியிடும். குழந்தைகளுக்கு வேடிக்கை, இருசக்கர வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சோகம். கடல் ஏற்றமும் பெருமழையும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் முழங்கால் அளவு.

கடல் மட்டம் 1901-லிருந்து 2018-க்குள் உலக அளவில் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. 2006-லிருந்து 2018 வரை வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. குழாய் வாய் போட்ட காலத்தில் அது ஏற்றத்துக்கு மேலே இருந்தது, இப்போது கீழே இருக்கிறது என்று வாசித்தால் புரியும். வெனிஸ் நகரத்தில் 2019 நவம்பர் 12 இரவு தண்ணீர் 187 சென்டிமீட்டர் ஏறியது. இப்படி ஏறும் கடலை மறிக்கவென்றே கட்டப்பட்ட 78 கதவுகளை முதன்முறையாக உண்மையான வெள்ளத்துக்கு எதிராக எழுப்பியது 2020 அக்டோபர் 3-இல். ஊர் நனையவில்லை. அந்த மகாக் கதவுகளும் கீலில்தான் நிற்கின்றன. அவற்றையும் சுத்தம் செய்து, பூச்சடித்து, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் கேட்பது 78 இல்லை. ஒரு கதவு, ஒரு கீல், வருடத்துக்கு இரண்டு முறை கிரீஸ்.

கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டிக் கட்டுகிற தூண்டில் வளைவு பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. கரையோரமாக நகரும் மணலை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தினால், நீரோட்டம் போகும் பக்கத்து அடுத்த ஊருக்கு மணல் போகாது, அங்கே கரை அரிக்கும். பொறியாளர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் போடுவது ஏன் என்பதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விளக்கைப் பற்றி ஒரே ஒரு வரி. முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சு வெளிச்சமான பக்கமே கடல் என்று நம்பி நகரும். உங்கள் வெள்ளை விளக்கு வரிசை அதைச் சாலைக்கு அழைக்கும். தாழ்வாக, மூடி போட்ட, செம்மஞ்சள் விளக்கு போதும். எங்களுக்கும் நட்சத்திரம் மிஞ்சும்.

இவ்வளவு சொன்னதால் எல்லாமே இப்படியே இருக்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதாக நினைக்க வேண்டாம். அமைதிக்கு விலை உண்டு, அதைக் கொடுக்கிறவர்கள் நாங்கள். பழைய பாட்டுகளில் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதற்குப் பொழுது சூரியன் சாயும் நேரம், அதற்குரிய உணர்வு இரங்கல், போனவர் வரவில்லையே என்று காத்துக் கலங்குவது. அந்தப் பாகுபாட்டைச் செய்தவர் ஒரு கடலோரச் சாயங்காலத்தையாவது முழுசாக உட்கார்ந்து பார்த்திருப்பார். இன்றைக்கும் சீசன் முடிந்த பிறகு ஐந்தரை மணிக்குக் கடற்கரைக்குப் போனால் யார் இருக்கிறார்கள்? வயதானவர்கள், நாய்கள், மதில் மேல் உட்கார்ந்து போனில் பிள்ளைகளோடு பேசுகிறவர்கள். எங்கள் தெருவில் பதினான்கு வீடு, இருபது வயதுக்காரர் மூன்று பேர். மற்றவர்கள் வேலை தேடிப் பெரிய ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடைசிப் பேருந்து ஏழே முக்காலுக்கு. பக்கத்துப் பெரிய ஊரில் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்ப நினைத்தால் அதைப் பிடிக்க முடியாது.

இரவில் மருத்துவர் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் என் மனைவிக்கு நெஞ்சுவலி என்று ராத்திரி ஒரு மணிக்கு எழுந்தோம். ஊர் அவ்வளவு அமைதி. அலை கேட்கிறது, அதைத் தவிர ஒன்றும் இல்லை. கதவைத் தட்டி வண்டி ஏற்பாடு செய்து, ஐம்பது நிமிடம் பயணம் செய்து போய்ச் சேர்ந்தோம். வெறும் வாயுக்கோளாறுதான், மறுநாளே திரும்பிவிட்டோம். ஆனால் அந்த ஐம்பது நிமிடத்தில் இந்த ஊரின் அமைதியை நான் ரசிக்கவில்லை.

ஆக, எழுப்புவதென்றால் இந்த இடங்களில் எழுப்புங்கள். இரவு முழுக்க ஒரு மருத்துவர். ஒன்பதரைக்கு ஒரு பேருந்து. சாயங்காலமும் திறந்திருக்கும் நூலகம். இவற்றைப் பலகையில் படமாகப் போட முடியாது என்பது புரிகிறது. இரண்டு மாதம் வந்துபோகிறவர்களுக்கு இவற்றால் பயன் இல்லை என்பதும் புரிகிறது. மீதிப் பத்து மாதம் இங்கே இருப்பது நாங்கள்.

நடைபாதை கட்டியே தீருவீர்கள் என்று தெரியும், ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதாகக் கேள்வி. அப்படியானால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா பாருங்கள். கட்டும் செலவோடு சேர்த்து, பத்து வருடம் கழுவி, சுரண்டி, பெயின்ட் அடிக்கும் செலவும் தனியாக ஒதுக்கப்பட வேண்டும், அதை வேறு எதற்கும் தொடக்கூடாது. ஒரு நிரந்தர ஆள், ஹோஸ் பைப், உப்புத்தாள், ஸ்பேனர். கண்ணாடித் தடுப்பை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு வாரத்தில் அது என் மூக்குக்கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அத்தனை அகலத்துக்குத் துடைக்க யாரும் இல்லை. அந்தப் பணத்தில் மர பெஞ்சு போடலாம். காற்றுக்கு முதுகு காட்டி உட்காரும்படி சிலது, முகம் காட்டி உட்காரும்படி சிலது. எது எங்கே என்று தபால்காரரைக் கேட்டால் சொல்வார்.

இன்னொன்று. நீங்கள் எப்போதும் சீசனில், காலை பத்து மணிக்கு, கடல் அடங்கியிருக்கும் நாளாகப் பார்த்து வருகிறீர்கள். இந்த முறை ஒரு பௌர்ணமிக்கு வாருங்கள். ஏற்ற நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஆனால் ஒவ்வொரு கடற்கரைக்கும் பௌர்ணமி ஏற்றத்துக்கு மட்டும் ஏறத்தாழ மாறாத ஒரு நேரம் உண்டு. எங்களுடையது காலை ஒன்பதை ஒட்டி. எட்டரைக்கே வந்துவிட்டால் குழாய் வாயில் அந்தக் கதவைப் பார்க்கலாம், ஒன்பதுக்குக் கீழத்தெருவில் அதன் பலனைப் பார்க்கலாம், நடந்து போக ஏழு நிமிடம். நானும் தபால்காரரும் அங்கேதான் நிற்போம். பழைய செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். கார் வேண்டுமானால் மேட்டுத்தெருவில் நிறுத்துங்கள், அடிப்பக்கம் உப்புத் தண்ணீர் பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியிருக்கும். ஹோஸ் பைப் எங்கள் சங்கத்தில் இருக்கிறது, தருகிறோம்.

இப்படிக்கு,
கீழத்தெருவில் குடியிருக்கும் ஒருவன்